டர்பனிலிருந்து சென்னைக்கு: பயணச்சீட்டில் உள்ள பெயர்களையும் அவற்றின் பின்னுள்ள அரசு அனுமதிகளையும் படித்தறிவது எப்படி

டர்பனிலிருந்தோ ஜோஹானஸ்பர்க்கிலிருந்தோ சென்னைக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தின் பயணச்சீட்டில் பல நேரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. பணம் வாங்கியது ஒரு நிறுவனம், முதல் விமானத்தை இயக்குவது மற்றொன்று, இரண்டாவது விமானத்தின் எண்ணோ மூன்றாவது ஒருவருடையது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெட்டி வந்து சேராதபோதும், இணைப்பு விமானம் தவறிப்போகும்போதும், தாயாரின் ஈமக்கிரியைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியவரிடம் இருக்கை இல்லை என்று சொல்லப்படும்போதும்தான் யாரைக் கேட்பது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கான விடை கவுன்டரில் நிற்கும் ஊழியரிடம் இருப்பதில்லை. பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் அரசு இன்னோர் அரசுடன் செய்துகொண்ட உடன்பாடும், அதன்படி அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியும் இருக்கின்றன. எந்த நிறுவனத்துக்கு எந்த அனுமதி என்பதைத் தெரிந்துகொண்டவருக்கு, யார் பொறுப்பு என்பதும் தெரிந்துவிடும்.

டர்பனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம், டோங்காட் போன்ற இடங்களிலிருந்து குடும்பத்தோடு தமிழ்நாடு செல்வோருக்கும், பழநிக்கும் இராமேசுவரத்துக்கும் குழுவாக அடியார்களை அழைத்துச் செல்லும் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துத்தரும் சிறிய முகவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும் என்று நம்புகிறேன். இறுதிப் பகுதி, நேரடி விமான சேவை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவரும் சங்கங்களுக்கானது.

வானம் யாருடையது

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியின்மீது முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது. ஆறாம் விதி, ஒரு நாட்டின் தனி அனுமதியின்றி எந்த அட்டவணைப்படுத்தப்பட்ட சர்வதேச விமான சேவையும் அந்த நாட்டுக்குள் வரவோ அதன் மேலாகப் பறக்கவோ கூடாது என்கிறது. கப்பல்களுக்குப் பொதுக்கடல் உண்டு. கரைதாண்டிப் போய்விட்டால் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பிற நாட்டு மண்ணுக்கு மேலே பறக்கும் விமானத்துக்கு அத்தகைய சலுகை இல்லை.

நம் தென்னாப்பிரிக்காவின் வரலாறே இதற்குத் தெளிவான சான்று. 1963இல் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் இனஒதுக்கல் அரசுக்கு எதிராகத் தம் வான்வெளியை மூடியபோது, சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் விமானங்கள் கண்டத்தின் மேற்குப் புடைப்பைச் சுற்றிக்கொண்டு, கேப் வெர்டேயின் சால் தீவில் எரிபொருள் நிரப்பி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 1986இல் அமெரிக்கா தன் சட்டத்தின் மூலம் அந்நிறுவனத்தின் தரையிறங்கும் உரிமையையே நீக்கியது. இந்தியா 1946ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை நிறுத்தியிருந்தது. இரு நாடுகளுக்கிடையே முழுத் தூதரக உறவு 1993இல்தான் மீண்டும் ஏற்பட்டது. அந்த நீண்ட இடைவெளியில் நம் பெரியவர்கள் பலர் தங்கள் தாத்தா பாட்டியின் ஊரைப் பார்க்காமலே மறைந்தார்கள். விமான வழித்தடம் என்பது வணிகர்கள் மட்டும் முடிவுசெய்யும் காரியம் அன்று என்பதை நம்மைவிட நன்றாக அறிந்த சமூகம் குறைவு.

இருதரப்பு ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்கும்

இரண்டு அரசுகள் விமான சேவை ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது, எந்த நிறுவனங்களை ஒவ்வொரு நாடும் நியமிக்கலாம், அவை எந்தெந்த நகரங்களுக்குப் பறக்கலாம், வாரத்துக்கு எத்தனை விமானங்கள் அல்லது எத்தனை இருக்கைகள், வழியில் மூன்றாவது நாட்டில் பயணிகளை ஏற்றலாமா, வேறு நிறுவனத்தின் விமானத்தில் தன் எண்ணைப் போட்டு விற்கலாமா ஆகியவற்றை எழுதிவைக்கின்றன. நகரங்களின் பட்டியலும் வழித்தடங்களும் வழக்கமாக ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும். ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியவர்கள் முதலில் திருப்ப வேண்டிய பக்கம் அந்தப் பின்னிணைப்புதான். முன்பகுதியில் உள்ள வரி, பாதுகாப்பு, கட்டணம் பற்றிய விதிகள் பெரும்பாலும் எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை.

நியமிக்கப்படும் நிறுவனத்தின் கணிசமான உடைமையும் நடைமுறைக் கட்டுப்பாடும் அதை நியமிக்கும் நாட்டினரிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மரபாகவே இருந்துவருகிறது. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு விமான சேவை உரிமச் சட்டமும் வாக்குரிமையில் 75 விழுக்காடாவது இந்நாட்டில் வசிப்போரிடம் இருக்க வேண்டும் என்கிறது. 2024இல் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் விமான நிறுவனத்தில் பங்கு வாங்கிய கத்தார் ஏர்வேஸ் 25 விழுக்காட்டோடு நின்றுகொண்டதை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும்.

அடுத்து அறிய வேண்டியது வான் உரிமைகள். ஒரு நாட்டின் மேலாகப் பறந்து செல்வது முதலாவது உரிமை. பயணிகளை ஏற்றி இறக்காமல் எரிபொருளுக்காக நிற்பது இரண்டாவது. தன் நாட்டிலிருந்து பயணிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது மூன்றாவது, அங்கிருந்து கொண்டுவருவது நான்காவது. தன் நாட்டில் தொடங்கும் பயணத்தின் தொடர்ச்சியாக இரண்டு வெளிநாடுகளுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்வது ஐந்தாவது. நமக்கு மிக முக்கியமானது ஆறாவது: ஒரு வெளிநாட்டிலிருந்து தன் நாட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இன்னொரு வெளிநாட்டுக்கு அனுப்புவது. டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்குச் செல்லும் எமிரேட்ஸ் பயணி இந்த ஆறாவது உரிமையின்கீழ்தான் செல்கிறார். அவருடைய பயணத்துக்குத் தென்னாப்பிரிக்காவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்த ஒப்பந்தமும், அமீரகமும் இந்தியாவும் செய்த ஒப்பந்தமும் வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு தரப்பின் நிறுவனங்களுக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்ற உச்சவரம்பு நெடுநாளாக இருந்துவருகிறது. அபுதாபிக்கும் தோஹாவுக்கும் தனித்தனி ஒதுக்கீடுகள் உண்டு. நம் பள்ளி விடுமுறை விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், மார்கழி இசைவிழாவுக்கும் பொங்கலுக்கும் செல்வோரும் வளைகுடாவில் வேலை செய்யும் தமிழரும் அதே இருக்கைகளுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். ஆகவே டர்பன்–துபாய் விமானத்தில் இடம் இருந்தும் துபாய்–சென்னையில் கட்டணம் ஏறிக்கிடப்பதைக் கண்டால், ஒரே நகரத்தின் வழியை மட்டும் திரும்பத் திரும்பத் தேடாமல், தோஹா, அபுதாபி, அடிஸ் அபாபா ஆகிய வழிகளையும், மும்பை வரை சென்று அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னை செல்லும் வழியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கோட்ஷேர் எப்படி நடக்கிறது

ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் இன்னொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு இருக்கை விற்பதே கோட்ஷேர். எண்ணைப் போட்டு விற்பவரை விற்பனை நிறுவனம் என்றும், விமானத்தையும் பணியாளர்களையும் கொண்டு பறப்பவரை இயக்கும் நிறுவனம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இன்டர்லைன் என்பது வேறு. அதில் ஒவ்வொரு விமானமும் தன் சொந்த எண்ணோடுதான் இருக்கும், பயணச்சீட்டும் பெட்டியும் மட்டும் ஒன்றாகச் செல்லும்.

கோட்ஷேர் இரு நிறுவனங்கள் கைகுலுக்கினால் மட்டும் நடந்துவிடுவதில்லை. வழக்கமான ஒப்பந்த விதி இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: ஏற்பாட்டில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அந்த வழித்தடத்தில் உரிய அனுமதி இருக்க வேண்டும், பயணச்சீட்டு விற்கும்போதே, உண்மையில் விமானத்தை இயக்கப்போவது யார் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தென்னாப்பிரிக்க நிறுவனம் வளைகுடா நிறுவனத்தின் துபாய்–சென்னை விமானத்தில் தன் எண்ணைப் போட விரும்பினால் அது மூன்றாம் நாட்டுக் கோட்ஷேர் ஆகிறது. அப்போது மூன்று அரசுகளின் இசைவும் வேண்டியிருக்கும். பயணத்தின் ஒரு துண்டில் மட்டும் கூட்டு எண் இருந்து மற்றொரு துண்டில் இல்லாமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உள்நாட்டுத் துண்டை எடுத்துக்கொள்வோம். கெபெகாவின் (முன்னாள் போர்ட் எலிசபெத்) மலபார் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் சென்னை செல்கிறது. சிகாகோ உடன்படிக்கையின் ஏழாம் விதிப்படி, ஒரு நாட்டுக்குள் இரண்டு இடங்களுக்கிடையே கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு மறுக்க அந்நாட்டுக்கு உரிமை உண்டு. எனவே கத்தார் ஏர்வேஸ் கெபெகாவிலிருந்து ஜோஹானஸ்பர்க்குக்குத் தன் விமானத்தில் உள்ளூர்ப் பயணிகளை ஏற்ற முடியாது. ஆனால் அந்நிறுவனத்துக்கு ஏர்லிங்குடன் கோட்ஷேர் இருப்பதால், ஏர்லிங்கின் விமானத்தில் தன் எண்ணைப் போட்டு, தோஹா வழியாகச் சென்னை செல்லும் சர்வதேசப் பயணத்தின் ஒரு பகுதியாக அதை விற்க இயலும்.

பயணச்சீட்டைப் படிக்கும் முறை

பணம் செலுத்துவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே இயக்கும் நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இணையதளங்களில் இது சிறிய எழுத்தில், விமான எண்ணுக்குக் கீழே இருக்கும். நான்கு இலக்க எண்ணைக் கண்டால், அதிலும் முதல் இலக்கம் பெரியதாக இருந்தால், கோட்ஷேராக இருக்கக்கூடும் என்று எண்ணிச் சரிபார்ப்பது நல்லது. ஆனால் அது உறுதியான அடையாளம் அன்று. எழுதியிருக்கும் பெயரையே நம்ப வேண்டும்.

பிறகு மின் பயணச்சீட்டின் 13 இலக்க எண்ணைப் பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பயணச்சீட்டை வெளியிட்ட நிறுவனம் எது என்று சொல்லும். 083 என்றால் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 071 எத்தியோப்பியன், 098 ஏர் இந்தியா, 239 ஏர் மொரீஷியஸ். தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுதல், பெயர்த் திருத்தம் ஆகிய அனைத்துக்கும் முதலில் அணுக வேண்டியவர் இந்த நிறுவனமே. முகவர் மூலம் வாங்கியிருந்தால் முகவர் வழியாக இந்த நிறுவனம். முகவரின் ரசீதில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனத்தின் சின்னத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

அனைத்துத் துண்டுகளும் ஒரே பயணச்சீட்டில் இருக்கின்றனவா என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஒரே பயணச்சீட்டாக இருந்தால், கெபெகா–ஜோஹானஸ்பர்க் உள்நாட்டுத் துண்டும் சட்டத்தின் கண்ணில் சர்வதேசப் பயணத்தின் பகுதியாகிறது. முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் மாற்று விமானம் ஏற்பாடு செய்யும் கடமை நிறுவனங்களுடையது. சில நூறு ராண்ட் மிச்சம் என்று உள்நாட்டு விமானத்தைத் தனியே வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டவர் தாமே வராதவராகக் கணக்கிடப்படுவார். திரும்பும் பயணம்கூட நீக்கப்படலாம். குழந்தைகளோடும் முதியோரோடும் செல்பவர்கள் தனித்தனிச் சீட்டு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதிவு எண்ணிலும் கவனம் வேண்டும். விற்பனை நிறுவனம் கொடுக்கும் ஆறு எழுத்துப் பி.என்.ஆர். இயக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் வேலை செய்யாமல் போகலாம், ஏனெனில் ஒரே முன்பதிவுக்கு இரண்டு நிறுவனங்களின் கணினியிலும் இரண்டு வெவ்வேறு எண்கள் இருக்கும். பயணத்துக்குப் பல நாட்கள் முன்பே இரண்டையும் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், சைவ உணவு, சக்கர நாற்காலி, இருக்கைத் தேர்வு ஆகியவை இயக்கும் நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று நேரடியாகப் பார்க்கலாம். செக்-இன் செய்ய வேண்டியதும் இயக்கும் நிறுவனத்தின் கவுன்டரில்தான்.

பெட்டி எடை பற்றி மட்டும் ஒரு சொல்: ஒரே பயணச்சீட்டில் பொதுவாக ஒரே எடை விதிதான் முழு வழிக்கும் பொருந்தும், அந்த அளவு மின் பயணச்சீட்டிலேயே ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; சிறிய உள்நாட்டு நிறுவனத்தின் கவுன்டரில் வேறு எடை சொல்லப்பட்டால் அதையே காட்டலாம்.

தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இங்கே பொருந்தும். பெட்டிக்காகப் பொறுப்பேற்கும் கடமை கவுன்டர் ஊழியருடையது அன்று. அதே வேளையில், நாங்கள் விற்றோம், அவர்கள்தான் பறந்தார்கள் என்று ஒரு நிறுவனம் உங்களைத் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, உங்களோடு ஒப்பந்தம் செய்த நிறுவனம் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. உண்மையில் இயக்கிய நிறுவனம் தான் இயக்கிய பகுதிக்குப் பொறுப்பு. இருவரில் எவர்மீதும், அல்லது இருவர்மீதும் சேர்த்தும், உரிமை கோரலாம். தென்னாப்பிரிக்கா 2007 முதலும் இந்தியா 2009 முதலும் இந்த உடன்படிக்கைக்கு உட்பட்டவை.

பெட்டி சேதமானால் அதைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடுப்பதற்கான காலம் 2 ஆண்டுகள். பெட்டி தொடர்பான இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மாற்று விகிதப்படி ராண்டில் கணக்கிடப்படும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பெட்டி பற்றிய அறிக்கையைப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடாமல், அதற்குப் பிறகு நிறுவனத்துக்குத் தனிக் கடிதமும் அனுப்புங்கள். அறிக்கை மட்டுமே போதும் என்று எண்ணிக் காலக்கெடுவை இழப்பவர்கள் பலர். திருமணத்துக்குக் கொண்டுபோகும் நகையைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள் என்பதற்கு இந்த உச்சவரம்பே போதுமான காரணம்.

அளவுக்கு மீறி இருக்கை விற்றதால் இடம் மறுக்கப்பட்டால், தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு துணைக்கு வரும். கட்டிய தொகையை வட்டியோடு திருப்பித் தருவதும், அந்த மறுப்பால் நேரடியாக ஏற்பட்ட செலவை ஈடுசெய்வதும் விற்றவரின் கடமை. ஈடான மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் இது பொருந்தாது என்பதால், மாற்று விமானத்தை ஏற்கும் முன் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள்.

நேரடி விமானம் கேட்பவர்களுக்கு

சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு இயக்கிய விமானத்தை 2015இல் நிறுத்திக்கொண்டது. அன்று நின்றது விமானம்தான். பறக்கும் உரிமை அதனோடு மறைந்துவிடவில்லை. ஒப்பந்தம் இருந்தும் அதைப் பயன்படுத்த நிறுவனம் முன்வராத நிலை ஒன்று, நிறுவனம் முன்வந்தும் ஒப்பந்தம் இடங்கொடாத நிலை மற்றொன்று. எதற்காக மனு எழுதுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளாமல், அமைச்சருக்கும் தூதரகத்துக்கும் விமான நிலையத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதால் பயன் விளைவதில்லை.

தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று இந்தியாவுக்குப் பறக்க விரும்பினால், 1993ஆம் ஆண்டின் 60ஆம் எண் சர்வதேச விமான சேவைகள் சட்டத்தின்கீழ் சர்வதேச விமான சேவைகள் கவுன்சிலிடம் உரிமம் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பம் அரசிதழில் வெளியாகும். நிறுவனத்தின் பெயர், உரிமத்தின் வகை, எந்த விமான நிலையத்திலிருந்து எந்த நாட்டுக்கு, வாரத்துக்கு எத்தனை விமானங்கள் என்பவை அதில் இருக்கும். அறிவிப்பு வெளியான 28 நாட்களுக்குள் ஆதரித்தோ எதிர்த்தோ யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம்; விசாரணை நடந்தால் நேரில் வரவோ பிரதிநிதியை அனுப்பவோ தயாரா என்பதையும் அக்கடிதத்திலேயே சொல்ல வேண்டும். இந்த வாசல் நம் சங்கங்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஆண்டுதோறும் எத்தனை குழுக்களை எந்த மாதங்களில் அழைத்துச் செல்கிறோம், எந்த நகரத்தில் மாறிச் செல்கிறோம், சராசரியாக என்ன கட்டணம் கொடுக்கிறோம் என்ற விவரங்களைக் கோயில் குழுக்கள் சேர்த்துவைத்திருந்தால், உணர்ச்சியோடு எழுதும் பத்துப் பக்கங்களைவிட அந்த ஒரு பக்கம் வலிமையானது.

இந்திய நிறுவனம் வர வேண்டும் என்பது கோரிக்கையானால் வழி வேறு. அந்நிறுவனத்தை நியமிக்க வேண்டியது இந்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம். நியமிக்கப்பட்ட பின்தான் தென்னாப்பிரிக்கப் போக்குவரத்துத் துறையிடம் வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கான அனுமதியைக் கேட்க முடியும். டர்பனுக்கே விமானம் வேண்டும் என்பவர்கள், குவாசுலு-நட்டால் மாநில அரசும் விமான நிலையத்தை ஒட்டிய வணிக வளாகமான டூபே டிரேட்போர்ட்டும் இத்தெக்வினி மாநகராட்சியும் விமான நிலைய நிறுவனமும் சேர்ந்து புதிய வழித்தடங்களை ஈர்ப்பதற்காக அமைத்துள்ள டர்பன் டைரக்ட் கூட்டமைப்பை அணுக வேண்டும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இலண்டனிலிருந்து டர்பனுக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. 2020இல் அது நின்றது. தொடங்குவதற்கு மட்டுமன்றி, தொடர்ந்து நடப்பதற்கும் பயணிகள் வேண்டும் என்பதை அந்த வழித்தடத்தின் கதை காட்டுகிறது.

முழு நேரடி விமானத்தைவிட எளிதில் கிடைக்கக்கூடியது விரிவான கோட்ஷேர்தான் என்று நினைக்கிறேன். பல ஒப்பந்தங்களில் கோட்ஷேர் விற்பனை, இயக்கும் நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் மட்டுமே கணக்கிடப்படுகிறது. விற்பனை நிறுவனத்தின் பங்கைக் குறைப்பதில்லை. ஆகவே இந்திய நிறுவனமும் தென்னாப்பிரிக்க நிறுவனமும் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் உள்நாட்டு விமானங்களில் போட்டுக்கொண்டால், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் வரை ஒரே பயணச்சீட்டில், பெட்டியும் பொறுப்பும் ஒரே ஒப்பந்தத்தின்கீழ் செல்ல முடியும். மனுவில் நேரடி விமானத்தைக் கேட்கும் பத்திக்கு அடுத்ததாக இந்தக் கோரிக்கையையும், அதற்குரிய நகரங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அரசுகள் அடுத்த முறை ஒப்பந்தத்தைத் திருத்தப் பேச்சு நடத்தும்போது பின்னிணைப்பில் ஏற வேண்டியவை அந்தப் பெயர்களே.